"நாடகத்துக்கு ஆள் எடுக்கினம்": நான்கு சனிக்கிழமைப் பட்டறை ஒன்றின் மதிப்பீடு

பாடசாலை அறிவித்தல் பலகையில் "தமிழ்த்தின நாடகத்துக்கு நடிகர் தெரிவு, பி.ப. 2.00, பிரதான மண்டபம்" என்று ஒரு தாள் ஒட்டப்படும். அதை மூன்று தரம் போய் வாசித்துவிட்டுப் பெயர் கொடுக்காமல் வீட்டுக்குப் போகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். வீட்டில் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் முழு நாடகத்தையும் ஆடிக் காட்டுவார்கள். மண்டப வாசலுக்கு வந்தால் கால் எழும்பாது. இந்தப் பிள்ளைகளை மனதில் வைத்து, யாழ்ப்பாணம் கோண்டாவில் பக்கத்துச் சனசமூக நிலையம் ஒன்றின் மண்டபத்தில் நான்கு சனிக்கிழமை நடந்த பட்டறை பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். தரம் 8 முதல் 11 வரை 24 பிள்ளைகள், பழக்குவதற்கு இரண்டு வளவாளர்கள், காலை 9 மணி முதல் 12 மணி வரை. நான்கு நாளுக்கும் சேர்த்து 3,000 ரூபா.

பிள்ளையைச் சேர்க்கலாமா என்று கேட்டால், சேர்க்கலாம். ஆனால் மூன்றாம் நாள் வேலையை வீட்டில் நீங்கள் இன்னொரு தரம் செய்விக்க வேண்டிவரும். ஏன் என்பதைக் கீழே சொல்கிறோம்.

முதலில் பட்டறையின் பெரிய நல்ல குணம்: "பயப்பிடாதையுங்கோ பிள்ளையள்" என்ற வசனம் நான்கு நாளும் ஒருவர் வாயிலும் வரவில்லை. நெஞ்சு படபடப்பது, நா வரள்வது, கை நடுங்குவது எல்லாம் உடம்பு தன்பாட்டில் செய்கிற ஆயத்தம். கட்டளை போட்டு அதை நிறுத்த முடியாது. "பயப்பிடாதை" என்று சொன்னால், பயந்ததே ஒரு பிழை என்ற இரண்டாவது பயமும் பிள்ளைக்குச் சேர்ந்துகொள்ளும். பெயர் கூப்பிடப்படுவதற்குச் சற்று முன்னும் பேசத் தொடங்குகிற முதல் சில கணங்களிலும்தான் படபடப்பு உச்சத்தில் இருக்கும். அந்த இடத்தில் நின்று தாக்குப்பிடித்தால் அது தானாக இறங்கும். உச்சத்தில் இருக்கும்போது பிள்ளை விலகிப் போனால், விலகினதால்தான் தப்பினோம் என்று உடம்பு படித்துவைத்துக்கொள்ளும். அடுத்த முறை அறிவித்தல் தாளைக் கண்டதுமே வயிற்றைக் கலக்கும். ஆகவே இந்த வகைப் பயிற்சி எதுவானாலும் அதில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பிள்ளையைச் சின்னச் சின்ன அளவாக அந்த உச்சத்துக்குக் கொண்டுபோய், அங்கேயே நிற்கவைத்து, இறங்குவதை அனுபவிக்க விடுகிறார்களா?

இங்கே விட்டார்கள். முதல் நாள் முதல் ஒரு மணித்தியாலம் 24 பேரும் ஒரே நேரத்தில் செய்கிறார்கள், பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை. மண்டபம் முழுக்க நடப்பது, கை தட்டினால் நிற்பது, வெயிலில் தார் றோட்டில் செருப்பில்லாமல் நடப்பது, முழங்கால் வெள்ளத்தில் நடப்பது. பிறகு 12 பேர் செய்ய 12 பேர் சுவரோரம் இருந்து பார்க்கிறார்கள். பிறகு 6 பேர், பிறகு 3 பேர். இரண்டாம் நாளில்தான் ஒருவர் தனியே. இந்த இறக்கத்தில் ஒரு படியையும் தாண்டவில்லை, எந்தப் பிள்ளையையும் "நீ முதல் வா" என்று இழுக்கவும் இல்லை. மூன்று பேர்ப் படியில் ஒரு பிள்ளை நின்றுபோனால் திரும்ப ஆறு பேர்ப் படிக்கு அனுப்பினார்கள். இதைத் தண்டனை மாதிரிக் காட்டாமல் செய்வதற்குக் கைப்பக்குவம் வேண்டும். அது இந்த இரண்டு வளவாளர்களிடமும் இருந்தது.

அரங்க விளையாட்டுகளில் புதிதாக ஒன்றும் இல்லை. வட்டமாக நின்று பெயரோடு ஓர் அசைவு, கண்ணாடி விளையாட்டு (எதிரே நிற்கிறவரின் அசைவை அப்படியே செய்வது), கண்ணை மூடிக்கொண்டு 1 முதல் 20 வரை எண்ணுவது. ஒருவர் ஓர் எண்தான் சொல்லலாம். இரண்டு குரல் ஒன்றாக வந்தால் மறுபடி 1. நாடக எழுத்தாளர் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978 இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய காலத்திலிருந்து யாழ்ப்பாணத்து நாடக ஆசிரியர்கள் கையில் புழங்கிவருகிற விளையாட்டுகளின் வகைதான் இவையும். ஆனால் எண்ணும் விளையாட்டை இந்த இடத்தில் வைத்தது நல்ல யோசனை. அவசரப்பட்டு வாய் திறக்கிற பிள்ளையும் கடைசிவரை வாயே திறக்காத பிள்ளையும் இரண்டே சுற்றில் தெரிந்துவிடுகிறார்கள். வளவாளர்களுக்கு அது ஒரு பரிசோதனை, பிள்ளைகளுக்கு வெறும் விளையாட்டு.

எதிர்பாராமல் கிடைத்தது கூத்து அடி. ஒருவர் தாளம் தட்ட, 24 பேரும் வட்டத்தில் தாளக்கட்டுக்குக் காலடி வைத்தார்கள். பேசக் கூசுகிற பிள்ளைகூடக் காலால் தாளத்தைப் பிடித்துவிடும். பத்து நிமிடத்தில் வியர்த்து, மூச்சு ஆழமாகி, தோள் தளர்ந்துபோகும். கூத்தில் பாத்திரம் ஒன்று களரிக்கு (ஆடுகிற இடத்துக்கு) வந்தவுடன் வசனம் பேசத் தொடங்குவதில்லை. வரவுப் பாட்டும் வரவு ஆட்டமும் முடிந்த பிறகுதான் மற்றதெல்லாம். அதற்குள் ஆடுகிறவரின் உடம்பு சூடேறிவிடும். மட்டக்களப்பு மரபில் சட்டம் கொடுத்தல் (அவரவர் பாத்திரத்துக்கான ஏட்டைக் கொடுப்பது), சதங்கை அணிதல், அரங்கேற்றம் என்று ஊர் பார்த்திருக்கப் படிப்படியாகத்தான் ஒருவர் மேடைக்கு வருகிறார். பாடசாலைத் தெரிவில் வரவும் இல்லை, படியும் இல்லை. கதிரையிலிருந்து எழும்பின பிள்ளை அடுத்த நிமிடம் அழுது நடிக்க வேண்டும். ஆகவே தெரிவுக்குப் போகிற பிள்ளை மண்டபத்துக்கு வெளியே, விறாந்தையில், இரண்டு நிமிடமாவது நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதித்துவிட்டு உள்ளே போக வேண்டும். பட்டறையில் இதைச் சொல்லவில்லை, செய்வித்தார்கள். சொல்லியும் விட்டிருக்கலாம், ஏனென்றால் தெரிவு நாளில் விறாந்தையில் வளவாளர் நிற்க மாட்டார்.

மூச்சுப் பயிற்சி சரியான முறையில் நடந்தது. பாயில் மல்லாந்து படுத்து, தொப்புளுக்கு மேலே ஒரு பாடப்புத்தகம். 4 எண்ணும் வரை மூக்கால் உள்ளே, 8 எண்ணும் வரை பல்லிடுக்கால் "ஸ்ஸ்" என்று வெளியே. புத்தகம் ஏறி இறங்க வேண்டும், நெஞ்சு அல்ல. ஐந்து முறை, பிறகு இருந்துகொண்டு ஐந்து, நின்றுகொண்டு ஐந்து. வெளிவிடுகிற மூச்சு நீளமாக இருந்தால்தான் இதயத் துடிப்பு மெதுவாகும். "நல்லா மூச்சை இழு" என்று மட்டும் சொன்னால் பிள்ளை தோளைத் தூக்கிக் காற்றை நெஞ்சில் அடைத்து வைத்துக்கொண்டு, தலை சுற்றுகிறது என்று சொல்லும். அப்படித் தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சுவிட வேண்டும். 8 எட்டாத பிள்ளைக்கு 6 போதும். இதைத் தெரிவு நாளில் முதன்முறையாகச் செய்து பயனில்லை. ஒரு கிழமையாவது தினம் இரண்டு வேளை செய்து பழகியிருந்தால்தான் பதற்றத்தில் கைகொடுக்கும்.

இரண்டாம் நாள் முழுக்க "வாசல் பயிற்சி". கட்டணம் முழுவதும் இந்த ஒரு நாளுக்கே சரி. நிலத்தில் சோக்கட்டியால் ஒரு புள்ளடி போட்டிருந்தது. வாசலிலிருந்து அதற்கு ஏழு எட்டு அடி தூரம். முன்னால் ஒரு மேசை, மூன்று கதிரை. பிள்ளை வாசலில் நிற்கும், பெயர் கூப்பிடுவார்கள், நடந்து புள்ளடிக்கு வரும், இரண்டு காலையும் ஊன்றும், மேசையில் இருக்கிறவர்களை ஒருதரம் பார்க்கும், பெயரும் தரமும் சொல்லும், ஒரு மூச்சு வெளியே விடும். அவ்வளவுதான். வசனம் ஒன்றும் இல்லை. திரும்பிப் போகலாம். முழுவதும் 20 செக்கன் வரும். இதை ஒவ்வொரு பிள்ளையும் ஆறு தரம் செய்தது.

அந்த 20 செக்கனுக்குள் எத்தனை பிழை வரும் என்பது கிட்ட நின்று பார்த்தால்தான் தெரியும். நடந்துகொண்டே பெயரைச் சொல்லத் தொடங்குவது முதல் பிழை; பெயரின் பாதி வாசலிலேயே விழுந்துவிடும். புள்ளடியைக் கண்ணால் தேடிக்கொண்டு வருவது அடுத்தது. முகம் கடைசிவரை நிலத்தைத்தான் பார்க்கும். ஒரு காலில் பாரத்தைப் போட்டு இடுப்பைச் சரித்து நிற்பது. பின்னலை முன்னால் எடுத்துவிட்டு றிபன் நுனியை விரலில் சுருட்டுவது. பெயர் சொன்ன அதே மூச்சில் வசனத்துக்குத் தாவுவது. இந்தக் கடைசிப் பிழைதான் மோசமானது: மூச்சு முடிந்த இடத்தில் முதல் வரி தொடங்குவதால் குரல் தொண்டைக்குள் போய்விடும், அந்தச் சத்தத்தைத் தானே கேட்ட பிள்ளை பயந்துவிடும். வளவாளர்கள் ஒரு சுற்றுக்கு ஒரு பிழைதான் திருத்தினார்கள். முதற் சுற்றில் கால் மட்டும், அடுத்ததில் கண் மட்டும், பிறகு மூச்சு. ஆறாம் சுற்றில் றிபனைச் சுருட்டிக்கொண்டிருந்த கை தானாகவே தொங்கிப்போய் நின்றது. அதைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கையை என்ன செய்வது என்று கேட்கிற பிள்ளைக்குக் கையைப் பற்றிப் பேசப் பேச அது இன்னும் விறைக்கும். காலை ஊன்ற வைத்தால் கை அடங்கிவிடும்.

வெளியேறுவதையும் பழக்கினார்கள். கடைசி வரி முடிந்தபின் இரண்டு எண்ணும் வரை அப்படியே நிற்க வேண்டும், பிறகு "நன்றி", பிறகு வந்த வேகத்திலேயே போக வேண்டும். கடைசிச் சொல்லைப் பாதியில் விழுங்கிவிட்டு ஓடுகிற பிள்ளைகள்தான் அதிகம். நல்லாகச் செய்ததையும் அந்த ஓட்டம் கெடுத்துவிடும்.

வசனத் தேர்வு பற்றிய பகுதி பாதிக் கிணறு. ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் எட்டுப் பத்து வரி எடுக்கச் சொன்னது சரி. எப்படிப்பட்ட வரிகள் என்று போதியளவு சொல்லவில்லை. நம் பிள்ளைகளில் பலர் மேடையை முதலில் காண்பது பேச்சுப் போட்டியில். "அவையோர்களே" என்று தொடங்கும் அந்த ஏற்ற இறக்கமும், ஒவ்வொரு வசன முடிவிலும் உயர்கிற கையும் உடம்பில் ஏறியிருக்கும். நாடகத் தெரிவில் மேசைக்குப் பின்னால் இருக்கிறவர் முதலில் கவனிப்பது அதைத்தான். பேச்சு கூட்டத்தைப் பார்த்துச் சொல்வது. நாடக வசனம் ஒருவர் இன்னொருவரிடம் ஏதோ ஒன்றை வாங்கப் பார்ப்பது: மன்னிப்போ, காசோ, போகிறதற்கு அனுமதியோ. ஆகவே எடுக்கிற வரிகளில் கேட்கிற ஆளும் இருக்க வேண்டும், நடுவில் ஓர் இடத்தில் மனம் மாறவும் வேண்டும். அப்பாவிடம் பயணத்துக்குக் காசு கேட்கத் தொடங்கி, நடுவில் அவர் கையிலும் இல்லையென்று விளங்கிக்கொள்கிற எட்டு வரி, வீரபாண்டிய கட்டபொம்மன் மாதிரி முழங்குகிற இருபது வரியைவிடப் பிள்ளையின் திறமையைக் காட்டும்.

எழுத்துருவில் (நாடகப் பிரதியில்) குறி போடக் காட்டிக்கொடுத்தது பயனுள்ளது. மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு சாய்கோடு, மனம் மாறும் இடத்தில் இரண்டு சாய்கோடு, ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் ஒரு வினைச்சொல்: கெஞ்சு, சமாளி, மிரட்டு, ஒளி, குத்திக்காட்டு. "சோகமாக", "கோபமாக" என்று எழுத விடவில்லை. சோகமாகச் சொல் என்றால் பிள்ளை குரலை இழுத்து மூக்கால் அழும். கெஞ்சு என்றால் எதிரே ஓர் ஆள் வந்துவிடுவார். அதோடு இன்னொரு நன்மை உண்டு. செய்ய ஒரு வேலை கையில் இருக்கிற பிள்ளைக்குத் தன்னைத்தானே பார்த்துக்கொண்டிருக்க நேரம் குறையும். பயத்தின் பாதிப் பலம் அந்தப் பார்வையில்தான் இருக்கிறது.

பாடமாக்குவதில் வருகிற கோளாறையும் நன்றாகப் பிடித்தார்கள். ராகம் போட்டுப் பாடமாக்கின வசனம் தண்டவாளத்தில் ஓடுகிற கோச்சி மாதிரி. நடுவில் மறித்தால் முதலிலிருந்துதான் திரும்ப வெளிக்கிட வேண்டும். "ஐந்தாம் வரியிலிருந்து சொல்லு" என்று ஒரு சோதனை வைத்தார்கள். பாதிப் பேர் மனதுக்குள் முதல் வரியிலிருந்து ஓடிவந்தார்கள், உதடு அசைவதில் தெரிந்தது. திருத்தம் எளிது: முற்றம் கூட்டிக்கொண்டு, உடுப்பு மடித்துக்கொண்டு, வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு வசனத்தைச் சொல்லிப் பார்ப்பது. கையில் வேலை இருக்கும்போதும் வரிகள் நின்றால் அது பாடம். பிறகு வேண்டுமென்றே இடைஞ்சல் செய்தார்கள்: எவர்சில்வர் தட்டொன்றைக் கீழே போட்டார்கள், நடுவில் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார், மணி அடித்தார்கள். பாடசாலை மண்டபத்தில் இவை எல்லாம் நடக்கும், காகமும் சேர்ந்து கத்தும். வரி மறந்தால் "சொறி ரீச்சர்" என்று சொல்லாமல், கடைசியாகச் சொன்ன வரியை மெதுவாகத் திரும்பச் சொல்லலாம். அதற்கும் வரவில்லையென்றால் கருத்தைச் சொந்தச் சொல்லில் சொல்லிக்கொண்டு போகலாம். தெரிவில் மறதிக்காக விழுகிற பிள்ளைகள் குறைவு. மறந்தவுடன் பாத்திரத்தைக் கைவிட்டுத் தானாக மாறிக் கைகட்டி நிற்பதால் விழுகிறவர்கள்தான் கூட.

இனி மூன்றாம் நாள். முன்பின் பார்க்காத எழுத்துருவைக் கையில் தந்து வாசிக்கச் சொல்வதுதான் பல பாடசாலைகளில் நடக்கிறது. பிள்ளை வீட்டில் பாடமாக்கிய ஒரு நிமிடத்தைக் கேட்க நேரம் இருப்பதில்லை. நாடகத்தின் ஒரு பக்கத்தைப் போட்டோப் பிரதி எடுத்து, "நீர் இதை வாசியும்" என்பார்கள். இதற்கு ஒதுக்கினது 40 நிமிடம், 24 பேருக்கு. ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம்கூட வரவில்லை. மீதி நேரம் ஒப்பனைச் செய்முறைக்குப் போனது. ஒப்பனை பார்க்க வடிவுதான், தெரிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எங்களுக்கு மிகவும் மனம் கசந்தது இதில்தான்.

ஆகவே பெற்றோர் வீட்டில் செய்விக்க வேண்டிய பகுதி இது. பிள்ளை பார்க்காத ஒரு பக்க உரையாடலை எடுத்து மூன்று நிமிடம் கொடுங்கள். முதல் நிமிடத்தில் வாய்விட்டு வாசிக்க விடாதீர்கள். மூன்று விடை மட்டும் தேட வேண்டும்: நான் யார், யாரோடு பேசுகிறேன், எனக்கு என்ன வேண்டும். இரண்டாம் நிமிடத்தில் நாக்குப் பிரளும் சொற்களை மெல்லச் சொல்லிப் பார்க்கலாம். மூன்றாவதில் முதல் வரியையும் கடைசி வரியையும் மனதில் ஏற்ற வேண்டும், அந்த இரண்டையும் தாளைப் பார்க்காமல் சொல்வதற்காக. தாள் நெஞ்சு மட்டத்தில், ஒரு கையில். பெருவிரல் வாசிக்கிற வரியில். வரி முடிவில் கண் தூக்க வேண்டும், நடுவில் அல்ல. நடுவில் தூக்கினால் திரும்பி வரும்போது இடம் தவறிவிடும். மற்றவர் வசனம் பேசும்போது தன் அடுத்த வரியைத் தேடாமல் அவரைக் கேட்க வேண்டும். இது கடினம், ஆனால் தெரிவு செய்கிறவர்கள் இதைத்தான் தேடுகிறார்கள். தனி ஏ4 தாள் நடுக்கத்தை ஊருக்கே காட்டும். ஒரு துண்டு பிறிஸ்டல் போட்டையோ பைல் மட்டையையோ பின்னால் வைத்துக்கொண்டால் நடுக்கம் கைக்குள்ளேயே நின்றுவிடும். தினம் ஒரு பக்கம், பத்து நாள். எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கும் பத்தாவது நாள் வித்தியாசம் தெரியும்.

நான்காம் நாள் மாதிரித் தெரிவு. மேசையில் வெளியாட்கள் மூவர், சிரிக்கவில்லை, தலை ஆட்டவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் வெளியே வந்து சொன்னது ஏறத்தாழ ஒன்றுதான்: "நான் சொல்லேக்கை அவர் கீழை குனிஞ்சு எழுதினவர். என்னைப் பிடிக்கேல்லைப் போல." பட்டறை இதோடு முடிந்திருந்தால் கெடுதல்தான் மிஞ்சியிருக்கும். இடைவேளைக்குப் பிறகு ஆட்களை மாற்றினார்கள். பிள்ளைகள் மூன்று மூன்று பேராக மேசைக்குப் பின்னால் இருந்தார்கள், மற்றப் பிள்ளைகள் வந்து செய்தார்கள். கையில் புள்ளித் தாள்: குரல், உடல், எதிராளைக் கேட்டல், சொன்னதை மாற்றிச் செய்யும் திறன், கூட்டாக இயங்குதல், ஒவ்வொன்றுக்கும் ஐந்து. ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம், அதற்குள் பெயர் எழுத வேண்டும், ஐந்து கட்டமும் நிரப்ப வேண்டும்.

முதல் மூன்று பேரும் மேசையில் இருந்த அரை மணித்தியாலத்துக்குள் விளங்கிக்கொண்டார்கள். குனிவது பெயர் எழுத. குனிவது நல்லதொன்றைக் கண்டு அது மறக்க முதல் குறிக்க. சிரிக்காதது எரிச்சலால் அல்ல. முதல் ஆளுக்குச் சிரித்துவிட்டு இரண்டாம் ஆளுக்குச் சிரிக்காவிட்டால் அநியாயம் என்பதால். அதைவிடப் பெரிய விசயம், மேசைக்குப் பின்னால் இருக்கிறவருக்கு ஒவ்வொரு பிள்ளை உள்ளே வரும்போதும் "இந்த ஆள் நல்லாச் செய்யவேணும்" என்ற ஆசைதான் இருக்கிறது. பாத்திரத்துக்கு ஆள் கிடைக்காவிட்டால் கஷ்டப்படப்போவது அவர்தான். இதை வாயால் நூறு தரம் சொன்னாலும் பிள்ளை நம்பாது. அந்தக் கதிரையில் இருத்தினால் நம்பும். எந்த நாடக ஆசிரியரும் தன் வகுப்பில் ஒரு பாடவேளையில் இதைச் செய்யலாம். ஒரு மேசையும் கொஞ்சத் தாளும் போதும். பட்டறைக்கே போக முடியாத பிள்ளைகளுக்கு இதை மட்டுமாவது செய்துகொடுங்கள்.

"மாற்றிச் செய்து காட்டும்" என்று கேட்கும்போது பல பிள்ளைகளின் முகம் விழுந்துவிடும், முதல் செய்தது பிழை என்ற நினைப்பில். அதற்கும் ஒரு பயிற்சி நன்றாக இருந்தது. அதே நான்கு வரி: ஒருதரம் பக்கத்தில் அம்மம்மா நித்திரை என்ற மாதிரி, ஒருதரம் தின்னவேலிச் சந்தையில் விலை பேசுகிற மாதிரி, ஒருதரம் கடல்நீரேரியின் அக்கரையில் நிற்கிற ஆளுக்குச் சொல்கிற மாதிரி. மூன்று தரமும் மாற்றிச் செய்த பிள்ளைக்கு "மாற்றிச் செய்" என்பது ஒரு வேலையாகத்தான் கேட்கும். நெறியாளர் ஒருவர் உங்களுக்கு இப்படிச் சொன்னால், உங்கள்மேல் இன்னும் ஒரு நிமிடம் செலவழிக்க அவர் விரும்புகிறார் என்றே எடுக்க வேண்டும்.

குறைகளுக்கு வருவோம். பின்வரிசையில் பெற்றோரை இருக்க விட்டது பெரிய பிழை. அம்மாவின் உதடு தன்னோடு சேர்ந்து அசைவதைக் கண்டால் எந்தப் பிள்ளையும் விறைக்கும்; இரண்டாம் நாள் கேற்றுக்கு வெளியே அனுப்பினார்கள், முதல் நாளே செய்திருக்கலாம். சுவரில் ஒட்டியிருந்த "பயத்தை வெல்லப் பத்து வழிகள்" என்ற தாளை ஒரு பிள்ளையும் வாசிக்கவில்லை. செய்துகாட்ட ஆள் வேண்டும்போதெல்லாம் சத்தமாகப் பேசும் அதே நான்கு பேரைக் கூப்பிட்டார்கள். கடைசி நாளில் 50 நிமிடம் சான்றிதழ் வழங்கலுக்கும் நன்றியுரைக்கும் போனது. அதில் பாதியை எழுத்துரு வாசிப்புக்குக் கொடுத்திருந்தால் எவ்வளவு நல்லது.

பேசாமல் விட்ட விசயம் ஒன்றும் உண்டு. ஆண்கள் பாடசாலையில் பெண் வேடம். தெரிவுக்குப் பெயர் கொடுக்காத பெடியங்கள் பலருக்கு மேடைப் பயமே இல்லை. "எனக்குப் பெண் வேசம் தந்திட்டால் உயர்தரம் முடியுமட்டும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்கள்" என்ற பயம்தான். அது நியாயமான பயம். மூச்சை எட்டு எண்ணி விட்டால் அது தீராது, ஆசிரியர்தான் தீர்க்க வேண்டும்: வேடத்துக்கு யார் என்பதை எல்லாருக்கும் முன்னால் பகிடியாக அறிவிக்காமல் தனியே கேட்டு உறுதிசெய்ய வேண்டும். கூத்திலும் இசை நாடகத்திலும் பெண் பாத்திரம் கட்டி ஆடிய ஆண் கலைஞர்களை இந்த மண் எவ்வளவு மதித்தது என்பதை முதல் ஒத்திகையிலேயே சொல்ல வேண்டும், பட்டப்பெயர் வைத்தால் அதை அன்றைக்கே நிறுத்த வேண்டும். பட்டறையில் ஒன்பது பெடியங்கள் இருந்தார்கள். ஒரு பத்து நிமிடம் இதைப் பேசியிருக்கலாம்.

எல்லாப் பிள்ளைக்கும் இது மருந்தல்ல. வகுப்பிலேயே வாய் திறக்காத, தெரிவு என்றதும் நாட்கணக்கில் சாப்பாடு நித்திரை இல்லாமல் போகிற, சத்தி எடுக்கிற பிள்ளையைப் பட்டறைக்கு அனுப்ப முதல் பாடசாலையின் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரோடு கதைப்பது நல்லது. திக்கிப் பேசுகிற பிள்ளையைச் சேர்க்கலாம். ஆனால் சொல்லை நாங்கள் முடித்துக்கொடுக்காமல் காத்திருக்கத் தெரிந்த வளவாளரா என்று முதலில் பார்க்க வேண்டும்; இங்கே அது சரியாக இருந்தது.

தெரிவு நாளில் வெறும் வயிறும் வேண்டாம், மதியச் சோறு முட்டவும் வேண்டாம். ஒரு மணித்தியாலத்துக்கு முதல் இரண்டு வாழைப்பழமோ ஒரு துண்டு பாணோ போதும். கோப்பி படபடப்பைக் கூட்டும், அன்றைக்கு விட்டுவிடலாம். தண்ணீர்ப் போத்தலும் எழுத்துரு மட்டையும் பென்சிலும் கையில் இருக்கட்டும். முறைக்காகக் காத்திருக்கிற இடத்தில் மற்றவர்களின் வசனத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். "அவள் என்னைவிட நல்லாச் செய்யிறாள்" என்பதைத் தவிர அங்கே ஒன்றும் கிடைக்காது.

பட்டறையின் கடைசி வெறுமை, முடிவு ஒட்டப்பட்ட பிறகு என்ன செய்வது என்பதில். பலர் பெயர் கொடுக்கும் நாடகத்துக்குச் சிலர்தான் தேவை. இந்த 24 பேரில் பலருடைய பெயர் அறிவித்தல் பலகையில் இருக்காது. அன்றைக்குப் பிள்ளை பலகைக்குத் தனியே போகாமல் ஒரு கூட்டாளியோடு போகட்டும். அடுத்த நாள் நாடகப் பொறுப்பாசிரியரிடம் இரண்டு கேள்வி கேட்கலாம், இரண்டையும் முதலே பாடமாக்கி வைக்கலாம்: "சேர், நான் எதைத் திருத்தவேணும்?" "எடுத்துரைஞருக்கோ, பாட்டுக்கோ, மேடைப்பொருளுக்கோ ஆள் வேணுமே?" இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் ஓம் என்றுதான் பதில் வரும், ஏனென்றால் ஒத்திகைக்கு ஒழுங்காக வருகிற ஆள் எந்த நாடகத்துக்கும் போதாமல்தான் இருக்கும். ஒத்திகை நடுவில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், முழு வசனமும் காதில் விழுந்தபடி ஓரத்தில் இருக்கிற அந்தப் பிள்ளையைத்தான் நெறியாளர் முதலில் திரும்பிப் பார்ப்பார்.